‘போதை இல்லை’ என்று எப்போது நம்பலாம்?

போன இதழில் தாவரங்களில் இருக்கும் அல்கலாய்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். மார்ஃபின், குவினைன், நிக்கோட்டின், காஃபின் எல்லாம் இந்த வகையறாதான். நைட்ரஜன் கொண்ட, பெரும்பாலும் கசக்கிற பொருட்கள். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வலியைப் பற்றியே கேட்கின்றன. இந்த அல்கலாய்டுகளைப் பார்த்து ஆய்வகத்தில் செய்யும் செயற்கை மூலக்கூறுகளில் போதை தராத வலி மருந்து கிடைக்குமா என்பதுதான் பலரது கேள்வியின் சாரம். எனவே இந்த முறை பதில் முழுக்க வலிக்கே.

எங்கள் வீட்டு வாசலில் அடுக்கு நந்தியாவட்டை நிற்கிறது. அதன் பட்டையில் மார்ஃபினையே மிஞ்சுகிற, ஆனால் போதையே தராத ஒரு மருந்து இருப்பதாக வாட்ஸப்பில் வீடியோ வந்தது. என் மாமியாருக்குப் பல வருடமாக மூட்டுவலி. பட்டையைக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா சார்?
— வாசகி, தேனி

கொடுக்காதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். நந்தியாவட்டையின் தண்டுப் பட்டையில் கோனோலிடின் என்று ஓர் அல்கலாய்டு இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2004இல் அதைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். ஆனால் பட்டையில் அது இருக்கும் அளவு மிக மிகச் சொற்பம். பட்டையிலிருந்து எடுத்து எடுத்துச் சோதித்து மாளாது என்பதால் அதற்கு மருத்துவ குணம் உண்டா என்று யாரும் பார்க்கவில்லை. 2011இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் கிளென் மிக்காலிசியோவின் குழு, செடியின் பக்கமே போகாமல், விலைக்குக் கிடைக்கும் வேதிப்பொருளிலிருந்து தொடங்கி ஒன்பது படிகளில் கோனோலிடினை ஆய்வகத்திலேயே செய்துவிட்டது. கையில் போதுமான சரக்கு வந்ததும் அதே நிறுவனத்தில் லாரா போன் குழு சுண்டெலிகளில் சோதித்தது.

வலி தெளிவாகக் குறைந்தது. எலி மயங்கிக் கிடக்கவில்லை, வழக்கம்போல ஓடியாடியது. செல்லின் மேல் மருந்து வந்து ஒட்டும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். மார்ஃபின் போய் ஒட்டுகிற மியூ ஏற்பியில் இது ஒட்டவில்லை. இந்த மூலக்கூறுக்கு ஒன்றின் கண்ணாடிப் பிம்பமாக இன்னொன்று என்று இரண்டு வடிவங்கள் உண்டு, பொதுவாக அப்படிப்பட்ட ஜோடியில் ஒன்றுதான் உடம்பில் வேலை செய்யும், இதில் இரண்டுமே வலியை அடக்கின.

சரி, மியூவில் ஒட்டாமல் எப்படி வலியை அடக்குகிறது? இதற்கு விடை வர இன்னும் பத்து வருடம் ஆனது. 2021இல் லக்சம்பர்க் சுகாதார ஆய்வு நிறுவனத்தார் ஏசிகேஆர்3 என்ற ஏற்பியைக் கைகாட்டினார்கள். நம் உடம்பே வலியை அடக்க எண்டார்ஃபின், என்கெஃபலின் போன்ற பெப்டைடுகளைச் சுரக்கிறது. இந்த ஏசிகேஆர்3 ஓர் எலிப்பொறி போல அவற்றைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது, ஆனால் வலியை அடக்கும் செய்தி எதையும் அது அனுப்புவதில்லை. கோனோலிடின் போய் அந்தப் பொறியை அடைத்துவிடுவதால் உடம்பின் சொந்தச் சரக்கு வீணாகாமல் வேலை செய்கிறது. அதே குழு அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து கோனோலிடினைச் சற்றே மாற்றி ஆர்டிஐ-5152-13 என்ற செயற்கை மூலக்கூறைச் சோதித்தபோது, அது இயற்கையானதைவிடப் பல மடங்கு வலுவாக அந்த ஏற்பியைப் பற்றியது. இதைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் வலியை அடக்க இதுவரை யாரும் போகாத வழி இது.

ஆனால் இவ்வளவும் செல்களிலும் எலிகளிலும் நடந்த கதை. கோனோலிடின் எந்த நாட்டிலும் மருந்தாக அனுமதி பெறவில்லை. இணையத்தில் கோனோலிடின் சொட்டு என்று விற்கிறார்களே என்றால், அவை உணவுச் சத்துப் பொருள் என்ற பெயரில் விற்கப்படுபவை, வாங்காதீர்கள். கஷாயத்தைப் பொறுத்தவரை பிரச்சினை இன்னும் பெரியது. பட்டையில் கோனோலிடின் மட்டுமா இருக்கிறது? கொரொனாரிடின், வோவகாஞ்சின் என்று ஒரு கூட்டமே இருக்கிறது, இவையெல்லாம் ஆப்பிரிக்கச் செடி ஒன்றில் இருக்கும் இபோகெய்ன் என்ற அல்கலாய்டின் உறவுக்காரர்கள். இபோகெய்ன் இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைத்து ஆளைக் கொன்றிருக்கிறது. ஒரு குவளைக் கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கியிருக்கும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. வயதான உடம்பில் அந்தச் சோதனை வேண்டாம். மாமியாரைத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிக்கு ஒரு பிசியோதெரபி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், மூட்டுத் தேய்மானத்துக்கு அது உண்மையாகவே உதவும். நந்தியாவட்டை பூஜைக்குப் பூக்கட்டும்.

பி.ஃபார்ம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செயற்கையாகச் செய்த ஒரு மூலக்கூறு வலியை அடக்குகிறது, ஆனால் போதைப் பொருள் அல்ல என்பதை ஆய்வகத்தில் எப்படி முடிவு செய்கிறார்கள்? எலிக்கு வலிக்கிறதா என்று எப்படித் தெரியும்?
— மாணவர், சேலம்

நல்ல கேள்வி தம்பி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எலி வாய் திறந்து சொல்லாது, அதனால் அது என்ன செய்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியதுதான். பழைய சோதனைகளில் ஒன்று சூட்டுத் தட்டு. 55 டிகிரியில் இருக்கும் தட்டில் சுண்டெலியை விட்டால் சில நொடிகளில் பாதத்தை நக்கும் அல்லது குதிக்கும். மருந்து கொடுத்த எலி எத்தனை நொடி தாமதமாக நக்குகிறது என்பதுதான் அளவு. பாதம் வெந்துவிடக்கூடாது என்பதற்காக ஒரு கெடு வைத்திருப்பார்கள், அதற்குள் நக்கவில்லை என்றால் எடுத்துவிட வேண்டும். வாலில் வெளிச்சச் சூடு பட வைத்து வாலைச் சுண்டும் நேரத்தைப் பார்ப்பது இன்னொன்று, 1941இலிருந்து இருக்கிறது. இவை இரண்டிலும் மார்ஃபின் வகை மருந்துகள் அட்டகாசமாகத் தேறும், ஆஸ்பிரின் வகையறா கோட்டை விட்டுவிடும்.

அதற்கு மறுபக்கம் அசிட்டிக் அமிலச் சோதனை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை வயிற்றறைக்குள் ஊசி போட்டால் எலி வயிற்றை எக்கி உடம்பை நீட்டி நெளியும், அந்த நெளிவுகளை எண்ணுவார்கள். இது ரொம்பத் தாராளமான சோதனை, வலி மருந்தே அல்லாத பலவும் இதில் பாஸாகும். ஒரு கட்டுரையில் இந்தச் சோதனை ஒன்றை மட்டும் காட்டி ‘சிறந்த வலி நிவாரணி’ என்று எழுதியிருந்தால் நான் அதை நம்ப மாட்டேன், நீயும் நம்பாதே.

எனக்குப் பிடித்தது ஃபார்மலின் சோதனை. 1977இல் டூபூசனும் டென்னிஸும் விவரித்தது. பாதத்தில் துளி ஃபார்மலின் செலுத்தியதும் முதல் ஐந்து நிமிடம் எலி பாதத்தை விடாமல் நக்கும், பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், கால் மணி நேரம் ஆனதும் மறுபடி ஆரம்பிக்கும். முதல் கட்டம் நரம்பு நேரடியாகத் தூண்டப்படுவதால் வருவது. இரண்டாவது, அந்த இடத்தில் அழற்சி கிளம்பி, தண்டுவடமும் கூடவே உசுப்பப்பட்டதால் வருவது. மார்ஃபின் இரண்டு கட்டத்தையும் அடக்கும். அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள் முக்கியமாக இரண்டாவதைத்தான் அடக்கும். ஆக, ஒரே எலி அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உன் மூலக்கூறு எந்த வழியில் போகிறது என்று கோடு காட்டிவிடும்.

அழற்சிக்குத் தனியாக காராஜீனன் சோதனை. கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசை அது, ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்கச் சேர்ப்பார்கள். நம் இராமநாதபுரம் கடற்கரையில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலிருந்தும் காராஜீனன் எடுக்கிறார்கள். ஒரு சதவீதக் கரைசலை வெள்ளெலியின் பின்னங்கால் பாதத்தில் செலுத்தினால் பாதம் வீங்கும். கணுக்காலில் மசியால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோடு வரை பாதத்தைத் திரவத்தில் அமிழ்த்தி, எவ்வளவு திரவம் மேலேறுகிறது என்று மணிக்கணக்கில் அளப்பார்கள். 1962இல் வின்டரும் சகாக்களும் முறைப்படுத்தியது. கோட்டுக்கு ஒரு நூல் மேலே அமிழ்த்தினால் கணக்கு போச்சு. அதனால் அளக்கிறவருக்கு எந்த எலி மருந்து வாங்கியது, எது வெறும் உப்புநீர் வாங்கியது என்று தெரியவே கூடாது.

இனி நீ கேட்ட இரண்டாவது பாதி. போதைப் பொருளா இல்லையா என்பதற்கு முதல் கேள்வி, நலோக்ஸோன் கொடுத்தால் அடங்கிய வலி திரும்பி வருகிறதா என்பது. மார்ஃபின் வகை மருந்துகளுக்கு ஓபியாய்டு என்று பெயர், அவை ஒட்டும் ஏற்பியை மறிக்கும் மருந்துதான் நலோக்ஸோன். மார்ஃபினின் வேலை அதனால் நின்றுவிடும், ஓபியாய்டு அல்லாத மருந்தின் வேலை நிற்காது. பல கட்டுரைகள் இந்த இடத்திலேயே ‘போதை இல்லை’ என்று முடித்துவிடுகின்றன. அது போதாது. டிரமடாலை எடுத்துக்கொள், அதன் வலி நிவாரணத்தை நலோக்ஸோன் முழுதாக மறிப்பதில்லை, ஏனென்றால் அது செரோடோனின், நார்அட்ரினலின் வழியாகவும் வேலை செய்கிறது. ஆனாலும் டிரமடாலுக்கு ஆட்கள் அடிமையாகிறார்கள்.

அதனால் எலி அந்த மருந்தை விரும்புகிறதா என்று கேட்க வேண்டும். இரண்டு அறை கொண்ட பெட்டி, ஒன்றில் எப்போதும் மருந்து, மற்றதில் எப்போதும் உப்புநீர். சில நாள் பழக்கிவிட்டு மருந்தே கொடுக்காமல் நடுவில் விட்டால் எங்கே போய் அதிக நேரம் உட்காருகிறது என்று பார்ப்பார்கள். இன்னும் கறாரான சோதனை, நெம்புகோலை அழுத்தினால் இரத்தக் குழாய்க்குள் மருந்து போகும்படி வைத்துவிட்டு எலி தானே எவ்வளவு அழுத்துகிறது என்று எண்ணுவது. அப்புறம் பல நாள் தொடர்ந்து கொடுத்துவிட்டு, அதே அளவு இன்னும் வேலை செய்கிறதா, நிறுத்தினால் உடம்பு தவிக்கிறதா என்று பார்ப்பது. மார்ஃபினுக்குப் பழகிய சுண்டெலிக்கு நலோக்ஸோன் போட்டால் துள்ளித் துள்ளிக் குதிக்கும், அந்தக் குதியையும் எண்ணுவார்கள். சுழலும் உருளை மேல் எலியை நிற்க வைக்கும் சோதனையை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதே. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற எலியும், தசை தளர்ந்துபோன எலியும்கூடப் பாதத்தை நக்காது, அதை வலி நிவாரணம் என்று தப்பாக எழுதிவிடுவோம்.

இதெல்லாம் தாண்டியும் மனிதனிடம் வந்து தோற்றவை உண்டு. வலிச் செய்தியைக் கடத்தும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பெப்டைடின் ஏற்பியை மறிக்கும் மருந்துகள் விலங்குகளில் நன்றாக வேலை செய்தன, மனிதர்களில் வலிக்கு உதவவே இல்லை. அந்த வகையில் வந்த அப்ரெபிடன்ட் இன்று புற்றுநோய் சிகிச்சையில் வாந்தியை நிறுத்தப் பயன்படுகிறது. எலியிடம் நாம் அளந்தது அதன் உடம்பு சட்டென்று காட்டும் எதிர்வினையை. நாள்பட்ட வலியோடு வாழும் மனிதரின் இராத்தூக்கம், மனச்சோர்வு, வேலைக்குப் போக முடியாமை எதுவும் அந்த எண்ணிக்கையில் இல்லை.

கடைசியாக ஒன்று. இந்தச் சோதனைகள் எலிக்கு வலி கொடுப்பவை. கல்லூரியில் செய்வதாக இருந்தால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது, இருபது எலி தேவையில்லாத இடத்தில் இருபது எலி வாங்கக்கூடாது. கணினியிலும் செல்களிலும் முதலில் வடிகட்டிவிட்டு வா.

மருந்துக் கடையில் முன்பு சுலபமாகக் கிடைத்த டிரமடால் மாத்திரைக்கு இப்போது சீட்டு கேட்டுக் கெடுபிடி செய்கிறார்கள். அது போதை மருந்து இல்லை என்றுதானே சொன்னார்கள்?
— வாசகர், வேலூர்

சொன்னார்கள், உண்மைதான். டிரமடால் ஜெர்மனியின் குருனென்தால் நிறுவனம் செய்த முழுச் செயற்கை மூலக்கூறு, அபினில் இருக்கும் கோடீன் என்ற அல்கலாய்டின் வடிவத்தை எளிமையாக்கியது என்று சொல்லலாம். 1977இல் அங்கே விற்பனைக்கு வந்தது. பல நாடுகளில் வெகுகாலம் கட்டுப்பாடு இல்லாமல் இருந்தது. நம் நாட்டில் 2018 ஏப்ரலில் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். கடைக்காரர் சட்டப்படிதான் நடக்கிறார், அவரிடம் சண்டை வேண்டாம்.

இது முதல் முறையும் அல்ல. மார்ஃபினை லேசாக மாற்றி 1874இல் இலண்டனில் ஆல்டர் ரைட் செய்த பொருளை, 1898இல் பேயர் நிறுவனம் ஹெராயின் என்று பெயரிட்டு இருமல் மருந்தாக விற்றது. மார்ஃபினைப் போல அடிமையாக்காது என்று அன்றைக்கு நம்பினார்கள். 1967இல் அமெரிக்காவில் பென்டசோசின் வந்தது. நம் மருத்துவமனைகளில் ஃபோர்ட்வின் ஊசி என்று நர்ஸ் அக்காக்கள் எல்லோருக்கும் தெரியும். அதுவும் கட்டுப்பாடு தேவைப்படாத வலி மருந்தாகத்தான் புறப்பட்டது. எழுபதுகளில் அங்கே தெருக்களில் ஒரு அலர்ஜி மாத்திரையோடு சேர்த்துக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள், 1979இல் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குப் போனது, 1983இல் மாத்திரைக்குள்ளேயே நலோக்ஸோனைச் சேர்த்து விட்டார்கள். விழுங்கினால் நலோக்ஸோன் பெரும்பாலும் ஈரலிலேயே அழிந்துவிடும், கரைத்து ஊசி போட்டால் போதையை மறிக்கும்.

அதனால்தான் ஒரு மருந்து வந்த புதிதில் ‘போதை இல்லை’ என்று அட்டையில் எழுதியிருப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. மனிதர்கள் பல வருடம் பயன்படுத்திய பிறகு கிடைக்கும் தகவலைத்தான் எடுப்பேன். உங்களுக்கு டிரமடால் தொடர்ந்து தேவைப்படுகிறது என்றால் அதைவிட அந்த வலி ஏன் இன்னும் அடங்கவில்லை என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல மாதமாகச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்றால் திடீரென்று நிறுத்தாதீர்கள், அவர் சொல்லும் வேகத்தில் குறையுங்கள்.

நாங்கள் கண்வலிக்கிழங்கு சாகுபடி செய்கிறோம். விதையை வியாபாரி வாங்கிப் போகிறார், விலை ஏறுவதும் இறங்குவதும் எதனால் என்றே புரிவதில்லை. இந்த விதையிலிருந்து முதுகுவலி மாத்திரை செய்கிறார்கள் என்கிறார்களே, நிஜமா?
— விவசாயி, தாராபுரம்

நிஜம்தான் ஐயா. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் கம்பியில் ஏறி நிற்கும் அந்தச் செங்காந்தள்தான் நம் மாநில மலர். காலையில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைத்து நீங்கள் காய் பிடிக்க வைக்கிற அந்த விதையில் கால்சிசின் என்ற அல்கலாய்டு இருக்கிறது, கிழங்கைவிட விதையில் அதிகம்.

கால்சிசின் வலி மருந்து என்று சொல்வதைவிட அழற்சி மருந்து என்று சொல்வதே சரி. கவுட் என்ற மூட்டு நோயில் யூரிக் அமிலம் படிகமாகிக் கால் பெருவிரலில் வந்து உட்காரும்போது, வெள்ளணுக்கள் அந்த இடத்துக்குப் படையெடுத்து வருவதால்தான் நெருப்பாக எரிகிறது. அணுக்களுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைக் கால்சிசின் பிடித்துக்கொள்வதால் வெள்ளணுக்களால் நகர முடிவதில்லை, அழற்சி அடங்குகிறது, அதன் பின்னால் வலியும் அடங்குகிறது. பல் வலிக்கோ தலைவலிக்கோ கொடுத்தால் ஒன்றும் ஆகாது. போதையும் கிடையாது. ஆனால் மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு. முன்பெல்லாம் வயிற்றுப்போக்கு வரும் வரை மணிக்கொருமுறை கொடுப்பார்கள். 2010இல் வந்த ஒரு சோதனையில் ஒரு மணி நேரத்துக்குள் 1.8 மில்லிகிராம் கொடுத்தாலே, ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் கொடுத்த பலன் கிடைக்கிறது என்று தெரிந்தது. 2019இல் மாரடைப்பு வந்த 4,745 பேரிடம் தினம் அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது, மறுபடி இதயக் கோளாறு வருவது குறைந்தது. 2023இல் அமெரிக்காவில் இதய நோய்க்காகவும் அந்த அரை மில்லிகிராம் மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள்.

நீங்கள் கேட்ட முதுகுவலி மாத்திரை இதன் அடுத்த வடிவம். கால்சிசினின் அமைப்பில் ஓர் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கந்தகத்தையும், இன்னோர் இடத்தில் ஒரு சர்க்கரையையும் சேர்த்தால் தயோகால்சிகோசைடு. இறுகிய தசையைத் தளர்த்துவதற்காகக் கொடுப்பது. நம் ஊரில் முதுகுப் பிடிப்பு என்று போனால் அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராமுடன் இதை 4 அல்லது 8 மில்லிகிராம் சேர்த்த மாத்திரையை எழுதிக் கொடுப்பது சர்வ சாதாரணம். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பெயர் இருக்கும்.

இதில் எல்லா வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த மருந்து உடம்பில் உடைந்து வரும் ஒரு பொருள், பிரியும் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கையைக் குழப்பக்கூடும் என்று தெரிந்ததால், ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் இதற்குக் கட்டுப்பாடு போட்டது. வாய்வழியாக அதிகபட்சம் 8 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு இருமுறை, அதுவும் ஏழு நாளுக்கு மேல் கூடாது. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், கருத்தடை இல்லாத நிலையில் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கும் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் இதையே வாங்கிச் சாப்பிடுகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. தயவுசெய்து அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள்.

விலை பற்றி உறுதியாகச் சொல்ல நான் வியாபாரி இல்லை ஐயா. உங்கள் வேளாண் அலுவலரிடம் ஒப்பந்தச் சாகுபடி பற்றிக் கேளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கிழங்கையும் விதையையும் பூட்டி வையுங்கள், சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று நினைத்துத் தின்றுவிடுவார்கள். தின்றது தெரிந்தால் வாந்தி தொடங்கும் வரை காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள், முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது.

தவளை விஷத்திலிருந்து மார்ஃபினைவிட 200 மடங்கு சக்தியுள்ள மருந்து எடுத்தார்களாமே?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

எடுத்தார்கள், ஆனால் அது மருந்தாக வரவில்லை. 1974இல் அமெரிக்க வேதியியலாளர் ஜான் டேலி ஈக்வடார் நாட்டில் ஒரு குட்டித் தவளையின் தோலிலிருந்து எடுத்த சாற்றைச் சுண்டெலிக்குப் போட்டபோது, எலியின் வால் வளைந்து முதுகுக்கு மேலே விறைத்து நின்றது. மார்ஃபின் கொடுத்தால் அப்படித்தான் நிற்கும். ஆனால் நலோக்ஸோன் கொடுத்தும் வலி நிவாரணம் மறையவில்லை! மறுபடி போய் 750 தவளைகளிலிருந்து எடுத்தும் ஆராயத் தேவையான அளவு கிடைக்கவில்லை. அப்புறம் இந்தத் தவளைகளுக்குச் சர்வதேசப் பாதுகாப்பு வந்தது. ஆய்வகத்தில் வளர்த்த தவளையில் அந்தப் பொருளே இல்லை, காட்டில் அது தின்னும் இரையிலிருந்துதான் வருகிறது. இருந்த துளியைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, கருவிகள் முன்னேறிய பிறகு 1992இல்தான் வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். எபிபாடிடின் என்று பெயர். புகையிலையின் நிக்கோட்டின் ஒட்டும் ஏற்பியில்தான் இதுவும் ஒட்டுகிறது.

வலியை அடக்கும் அளவும் கொல்லும் அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் அதை அப்படியே கொடுக்க முடியாது. அபாட் நிறுவனம் வடிவத்தை மாற்றி ஏபிடி-594 என்று ஒன்றைச் செய்து 1998இல் அறிவித்தது. சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலி உள்ளவர்களிடம் சோதித்தபோது வலி குறையத்தான் செய்தது, ஆனால் குமட்டல், தலைசுற்றல், வாந்தி தாங்காமல் நிறையப் பேர் பாதியிலேயே விலகிவிட்டார்கள். அத்தோடு நின்றது. நீ வேதியியல் படித்தால் இந்த இடத்திலிருந்து தொடரலாம், வடிவத்தை இன்னும் மாற்றிப் பார்க்க இடம் இருக்கிறது.

இங்கே தோட்டத்தில் கெத்தும் இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். உடம்பு வலி போகிறது, இது போதை இல்லை, வெறும் இலைதான் என்கிறார்கள். என் தம்பியும் தினமும் குடிக்கிறான்.
— வாசகி, சுங்கைப் பட்டாணி, மலேசியா

கெத்தும் என்பது கிராட்டம் மரத்தின் இலை, அது வெறும் இலை இல்லை அம்மா. அதில் இருக்கும் மித்ராஜினின் என்ற அல்கலாய்டு மார்ஃபின் ஒட்டும் அதே மியூ ஏற்பியில் கொஞ்சமாக ஒட்டுகிறது. போதாததற்கு நம் ஈரல் அதை 7-ஹைட்ராக்ஸி மித்ராஜினின் என்று மாற்றுகிறது, அது இன்னும் வலுவாக ஒட்டும். அந்த மாற்றிய பொருளையே செறிவாக்கி மாத்திரையாக அமெரிக்காவில் விற்க ஆரம்பித்ததும், அங்குள்ள உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜூலையில் அதைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது. தாய்லாந்தில் 2021இலிருந்து இலைக்குத் தடை இல்லை, உங்கள் நாட்டிலோ விஷப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நாள்தோறும் குடிப்பவர்களைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள்; நிறுத்தும்போது உடம்பு வலி, தூக்கமின்மை, எரிச்சல் வருவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தம்பியைத் திட்டாதீர்கள். எந்த உடம்பு வலிக்காகக் குடிக்க ஆரம்பித்தான் என்று கேட்டு, அந்த வலியோடு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அப்பாவுக்குப் புற்றுநோய், எலும்புக்குப் பரவிவிட்டது. மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார். சொந்தக்காரர்கள் அடிமையாகிவிடுவார் என்று பயமுறுத்துகிறார்கள். போதை இல்லாத புது மாத்திரை அமெரிக்காவில் வந்துவிட்டதாமே, அதுவரை பொறுக்கலாமா?
— மகள், திருச்சி

பொறுக்க வேண்டாம். இன்றைக்கே கொடுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது சுசெட்ரிஜின். 2025 ஜனவரி 30 அன்று அங்கே அனுமதி கிடைத்தது. அல்கலாய்டு வழி வந்தது அல்ல. வலியைக் கடத்தும் நரம்பில் இருக்கும் என்ஏவி1.8 என்ற சோடியம் வாயிலை அடைப்பது. மூளையில் வேலை செய்யாததால் போதைக்கு வழியில்லை என்பது அதன் பலம். ஆனால் அனுமதி அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பின் வரும் திடீர் வலிக்கு மட்டும்தான். வயிற்றுத் தோல் அறுவை, கால் பெருவிரல் எலும்பு அறுவை செய்தவர்களிடம் சோதித்தார்கள். போலி மாத்திரையைவிட நன்றாக இருந்தது, ஹைட்ரோகோடோன் கலந்த மாத்திரையைவிட மேலாக இல்லை. இடுப்பு நரம்பு அழுத்தத்தால் வரும் நாள்பட்ட வலியில் போலி மாத்திரை வாங்கியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. எலும்புக்குப் பரவிய புற்றுநோய் வலிக்கு அது மாற்று இல்லை.

இந்தப் பக்கம் முழுக்கப் போதை இல்லாத மருந்தைத் தேடுவதைப் பற்றி எழுதியிருக்கிறேன், அந்தத் தேடல் மேல் எனக்கு நிறைய நம்பிக்கை உண்டு. ஆனால் அந்தத் தேடலின் பெயரைச் சொல்லி, இன்றைக்குத் துடிக்கிறவருக்கு மார்ஃபினை மறுப்பதை என்னால் ஏற்கவே முடியாது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் பல்லாயிரம் பேர் வலியோடே போய்ச் சேர்ந்தார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் மார்ஃபின் கிடைக்க வழி செய்த பிறகும் பயம் மட்டும் வீடுகளில் அப்படியே இருக்கிறது. மருத்துவர் சொன்ன அளவில், வலிக்காகச் சாப்பிடும் புற்றுநோயாளிக்கு அடிமைத்தனம் என்பது அபூர்வம். நாளாக ஆக அளவைக் கூட்ட வேண்டி வரலாம், அது நோய் கூடுவதாலும் இருக்கலாம், அப்பா போதைக்கு ஆசைப்படுகிறார் என்று அர்த்தம் இல்லை.

சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கும், பெரும்பாலும் குறைந்துவிடும். எழுப்பவே முடியாத தூக்கம், மூச்சு மிக மெதுவாக வருவது என்று கண்டால் உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது, மாத்திரை சாப்பிடும் வரை கூடவே இருக்கும், அதற்கான மருந்தை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.